நெஞ்சில் வைத்த கை

சுறாவைப் பற்றி உங்களுக்குச் சொல்லும்படிதான் என்னைக் கேட்டார்கள். நாளைக்கு முதன்முறையாக வெளிப்பாரில் இறங்கப் போகிறவர்களுக்குச் சுறாப் பயம்தான் இருக்கும் என்று அவர்கள் நினைத்ததில் பிழையில்லை. ஆனால் நான் வாய் திறந்தால் நாளும் நேரமும் சொல்லிக் கதையை நீட்டிவிடுவேன். அதனால் எழுதித் தருகிறேன். படுக்கப் போகுமுன் ஒருமுறை வாசித்துவிடுங்கள்.

சுறாவைப் பற்றியதை முதலிலேயே முடித்துவிடுகிறேன். கடலுக்குப் போக முடியாதிருந்த வருடங்களைக் கழித்தால் இருபத்தாறு வருடம் முல்லைத்தீவுக் கடலில் சுழியோடினேன். முதலில் சங்கு, பிறகு கடலட்டை, கடைசி ஒன்பது வருடம் பாரிலுள்ள மீன்களைக் கணக்கெடுக்கும் வேலை. கடலடியில் நீண்டு கிடக்கும் கற்பாறைத் திட்டைத்தான் நாங்கள் பார் என்போம். அங்கே சுறா இல்லாத நாள் குறைவு. சுறா கடித்த சுழியோடி ஒருவரைக்கூட நான் கண்டதில்லை. ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வந்ததால் இடுப்புக்குக் கீழே உணர்விழந்தவர்களை எங்கள் தேவாலயக் கோயிற்பற்றிலேயே பெயர் சொல்லிக் காட்டுவேன். ஆழத்தில் நாம் சுவாசிக்கும் காற்று இரத்தத்தில் கரைகிறது. மெல்ல வந்தால் மெல்ல வெளியேறும். அவசரப்பட்டால் சோடாப் போத்தலைத் திறந்ததுபோலக் குமிழியாகி நரம்பில் அடைக்கும். இதை வகுப்பில் படித்திருப்பீர்கள். நான் எழுத வந்தது வகுப்பில் சொல்லித்தராத ஒன்றை.

மன்னாரில் முத்துக்குளித்த காலத்தில் சுறாவின் வாயைக் கட்டுவதற்கென்றே மந்திரக்காரர் படகில் போனதாகப் பழைய நூல்களில் வாசித்திருக்கிறேன். அவர்களைக் கடல்கட்டி என்பார்களாம். எங்கள் காலத்தில் மந்திரம் இல்லை. இரண்டு பழக்கங்கள் மட்டும் மிஞ்சியிருந்தன. ஒன்று, படகில் சுறா என்ற சொல்லைச் சொல்லமாட்டோம். ‘பெரியவர்’ என்போம். மற்றது, கீழே பெரியவரைக் கண்டால் சிலுவை போட்டுக்கொள்வோம். நெற்றி, நெஞ்சு, இடது தோள், வலது தோள். பிறகு பாரோடு ஒட்டிக்கொண்டு, அவர் கடந்து போகும்வரை அசையாமல் இருப்போம். என்னோடு பதினொரு வருடம் சோடியாக இறங்கியவனும் எங்கள் கோயிற்பற்றுக்காரன்தான். அவன் சிலுவை போட்டால் நான் திரும்பிப் பார்க்காமலே பாரில் ஒட்டுவேன். நான் போட்டால் அவன் ஒட்டுவான். அது எங்களுக்குச் செபம். சைகை என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

அவன் பிரான்சுக்குப் போன பிறகு எனக்குச் சோடியாக வந்தவர் புவனா. அப்போது அவருக்கு இருபத்தைந்து வயது. மலையகத்திலிருந்து வந்து உருத்திரபுரத்தில் குடியேறிய குடும்பம். தகப்பனுக்கு வயல்வேலை. இரணைமடுவிலிருந்து வரும் வாய்க்காலில் நீந்தப் பழகி, தெற்கே போய் முறையாகச் சுழியோடப் படித்து, சான்றிதழோடு வந்தார். கைச்சைகைகள் அத்தனையும் பாடம். முதல் நாளே எனக்கு ஒவ்வொன்றாகச் செய்து காட்டினார். நானும் தலையாட்டினேன். என் பக்கத்திலிருந்து அவருக்குக் காட்டவேண்டியது ஏதாவது இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

எங்கள் படகோட்டி மரியதாஸ் என் வயதுக்காரன், மச்சான் முறை. யாரையும் சீண்டாமல் அவனால் இயந்திரத்தைத் தட்டிக் கிளப்ப முடியாது.

“குளத்தில நீந்தின ஆக்களுக்குக் கடல் தாங்குமோ, தங்கச்சி?” என்றான் முதல் நாள்.

“குளத்தில முதலை இருக்கு அண்ணை. உங்கட கடலில என்ன இருக்கு?”

“இருக்கிறவரின்ர பேரை இஞ்ச சொல்லக்கூடாது.”

“ஏன், கடன் குடுக்கவேணுமோ அவருக்கு?”

மரியதாஸ் அன்று கரை சேரும்வரை சிரித்தான். அந்தப் பேச்சு அதோடு போயிற்று. ‘பெரியவர்’ யார் என்று அவருக்கு விளங்கியிருக்கும் என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம். சிலுவையைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

ஐந்து மாதம் நன்றாகப் போனது. சிலுவை போடுமளவு பெரியவர் ஒருவரும் அந்த மாதங்களில் வரவில்லை. என்னைவிட அவருடைய கணக்கு துல்லியம். பாரை மீன் கூட்டமாகச் சுழலும்போது நான் குத்துமதிப்பாக எழுதுவேன், அவர் எண்ணுவார்.

அந்தோனியார் திருநாளுக்கு நான்கு நாள் முன், ஒரு செவ்வாய்க்கிழமை. அந்தப் பாரில் எங்கள் வேலையின் கடைசிப் பகுதி. மறுநாள் முதல் சோளகக் காற்று பலக்கும் என்று வானொலியில் சொல்லியிருந்தார்கள். காலை ஏழு நாற்பதுக்கு ஒருமுறை, பத்தேகாலுக்கு இன்னொருமுறை இறங்கினோம். இரண்டோடு நிறுத்துவதுதான் ஒழுங்கு. மூன்றாவது முறையும் இறங்கினால் வேலை முடிந்துவிடும், திருநாளுக்கு வீட்டில் நிற்கலாம். இறங்குவதா இல்லையா என்று தீர்மானிக்கவேண்டியவன், குழுத் தலைவனான நான். இறங்குவோம் என்றேன். ஒன்று இருபதுக்கு மூன்றாவது முறை இறங்கினோம்.

இருபத்திரண்டு மீற்றர் ஆழம். தண்ணீர் கண்ணாடி. புவனா அளவுநாடாவின் ஒரு கரையில், நான் மறு கரையில், ஒருவரையொருவர் பார்த்தபடி நகர்ந்துகொண்டிருந்தோம். முதலில் மூன்று சிறிய சுறாக்கள் வந்து போயின. அவற்றை நாங்கள் கணக்கில் மட்டும் எழுதுவோம். சற்றுநேரத்தில் அதுவரை இரைச்சலாக இருந்த சின்ன மீன்கள் ஒரேயடியாகக் கல்லுக்குள் போயின. நிமிர்ந்து பார்த்தேன். புவனாவுக்குப் பின்னால், அவர் காலில் மாட்டியிருந்த துடுப்பிலிருந்து ஐந்தாறு மீற்றர் தூரத்தில், ஒரு புலிச்சுறா பாரை ஒட்டி மெல்ல வந்துகொண்டிருந்தது. எங்கள் படகில் பாதிக்கு மேல் நீளம். வயதானது, உடம்புக் கோடுகள் மங்கியிருந்தன. அவ்வளவு பெரிய ஒன்றை நான் அதற்கு முன்பு இரண்டு தடவைதான் கண்டிருந்தேன்.

நான் சிலுவை போட்டுக்கொண்டேன்.

புவனா என்னிடம் விரைந்து வந்தார். தன் சிலிண்டரின் இரண்டாவது வாய்க்குழாயைக் கழற்றி என் முகத்துக்கு நேரே நீட்டினார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பயத்தில் தடுமாறுகிறார் என்று நினைத்தேன். குழாயைத் தட்டிவிட்டு, பாரோடு ஒட்டவைக்க அவர் கையைப் பிடித்துக் கீழே இழுத்தேன். அவர் என் பிடியை உதறாமல், மறு கையால் என் மிதவைச் சட்டையின் பட்டியை இறுக்கிப் பிடித்தார். தன் மிதவைச் சட்டைக்குள் காற்றை ஏற்றினார். இரண்டு பேரும் மேலே கிளம்பினோம். நான் அவர் சட்டையின் காற்றைத் திறந்துவிட முயன்றேன். என் கையைத் தள்ளிவிட்டார். எட்டு மீற்றரளவில் என் பட்டியை விடுவித்துக்கொண்டேன். அவர் மட்டும் மேலே போனார்.

நான் ஐந்து மீற்றரில் நின்றேன். என் உடம்புக்கு வேண்டிய அளவு நிற்கவில்லை, ஒன்றரை நிமிடம்தான். அந்த ஒன்றரை நிமிடமும் எனக்குள் இருந்தது கோபம் மட்டுமே.

மேலே வந்தபோது மரியதாஸ் படகிலிருந்து குனிந்து புவனாவின் சட்டையைப் பின்னால் பிடித்துவைத்திருந்தான். “அண்ணை கீழ! அண்ணை கீழ!” என்று அவர் கத்திக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கத்தல் நின்றது.

“என்ன மச்சான் நடந்தது? மேல வந்தவ திரும்பவும் கீழ போகப் பாக்கிறா! பிடிச்சு வைச்சிருக்கிறன்!”

“பெரியவரைக் கண்டு பயந்திட்டா,” என்றேன்.

புவனா என்னைப் பார்த்தார். பிறகு மரியதாஸை ஒருமுறை பார்த்துவிட்டு, படகின் விளிம்பைப் பிடித்து ஏறினார்.

இந்த இடத்தில் சற்று நில்லுங்கள். சுறாவுக்குப் பயந்து மேலே ஓடிவந்தவர் எதற்காகத் திரும்பவும் சுறா இருக்கும் இடத்துக்கே போகப் பார்க்கிறார்? இதை மரியதாஸ் என் முகத்துக்கு நேரே சொன்னான். எனக்கு உறைக்கவில்லை. பயந்தவர்களுக்கு மேல் எது கீழ் எது என்று தெரியாது என எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன்.

படகில் ஏறிப் பத்து நிமிடம்வரை அவருக்கு ஒன்றுமில்லை. சிலிண்டரைத் தானே கழற்றினார். பிறகு இடது தோள் நோகிறது என்றார். பிறகு பாதத்தில் ஊசி குத்துகிறது என்றார். எழும்பப் பார்த்தவர் அப்படியே இருந்துவிட்டார்.

“அண்ணை, உங்களுக்கு ஒண்டும் இல்லையோ?” என்று என்னைக் கேட்டார்.

“எனக்கென்ன? நீர் படுத்துக்கொள்ளும்.”

படுத்துக்கொண்டும் கேட்டார். “உங்களுக்கு ஒண்டும் செய்யேல்லையோ அண்ணை?” கரை சேருமுன் மூன்று தடவை கேட்டார். அதையும் நான் மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

கரை ஐம்பத்தைந்து நிமிடத் தூரம். எங்களிடம் சிறிய ஒட்சிசன் போத்தல் ஒன்று இருந்தது. நாற்பது நிமிடம் வரும். இதற்குச் சிகிச்சை தரும் அழுத்த அறை உள்ள ஆஸ்பத்திரி கரையிலிருந்து மணிக்கணக்கான பயணம். மரியதாஸ் இயந்திரத்தைத் தட்டவில்லை. புதுச் சிலிண்டர் ஒன்றை இழுத்து முன்னால் வைத்தான்.

“என்ன பாத்துக்கொண்டு நிக்கிறாய்? கட்டிவிடு. பத்து மீற்றரில அரை மணித்தியாலம் வைச்சிருந்தா எல்லாம் சரி வரும். உன்னையே நான்தானே இறக்கினனான்!”

அவன் சொன்னது உண்மை. கடலட்டைக்குப் போன காலத்தில் ஒருமுறை எனக்கும் இப்படிக் கால் விறைத்தது. மரியதாஸ் என்னைத் திரும்பத் தண்ணீரில் இறக்கினான், நடந்து கரையேறினேன். அதே கரையில் அப்படி இறக்கப்பட்டுப் பிணமாக ஏற்றப்பட்டவர் ஒருவரும் உண்டு. அவருடைய கதை எனக்குத் தெரியும், ஆனால் என் கால் எனக்கு அதைவிட நன்றாகத் தெரியும். உங்களுக்கு ஒருமுறை சரிவந்த பிழையைப் போல உங்களை ஏமாற்றக்கூடியது வேறெதுவுமில்லை.

புவனாவின் இரண்டு கைகளிலும் என் விரல்களை வைத்தேன்.

“அமத்தும் பிள்ளை.”

வலது கை இறுக்கியது. இடது கை விரல்களைச் சுற்றியது, அழுத்தவில்லை.

“ஏலாது, மச்சான். என்னை இறக்கேக்க எனக்குக் கை ரெண்டும் வேலை செய்தது. கீழ வச்சு வாய்க்குழாய் விழுந்தா ஆர் எடுத்து வைக்கிறது?”

“நீ பக்கத்தில நிண்டு வை.”

“இண்டைக்கு மூண்டு தரம் இறங்கிட்டன். நாலாந்தரமும் இறங்கினா ரெண்டு பேரைத்தான் நீ தூக்கிக்கொண்டு போவாய்.”

“அப்ப உப்பிடியே கொண்டுபோய்ச் சாகவிடப் போறியோ?”

நான் சிலிண்டரைப் பின்னால் உருட்டிவிட்டேன். “எஞ்சினைத் தட்டு,” என்றேன். அவன் என்னைப் பார்க்காமலே தட்டினான். வேகமாக விட்டால் படகு அலையில் அடிக்கும், மெல்ல விட்டால் வழியில் ஒட்சிசன் முடியும். வேகமாகவே விடச் சொல்லி, இருந்த மிதவைச் சட்டைகள் எல்லாவற்றையும் அவருக்குக் கீழே அடுக்கி, தலையை என் மடியில் பிடித்துக்கொண்டேன். தொலைபேசி எடுபடும் தூரம் வந்ததும் அம்புலன்சுக்குச் சொன்னோம். அது எங்களுக்கு முன்பே கரையில் நின்றது. அந்த ஒரு தீர்மானம் சரி என்று பிறகு வைத்தியர் சொன்னார். அன்று நான் செய்தவற்றில் சரியானது அது ஒன்றுதான்.

மூன்றாம் நாள் கணக்கெடுப்பு அலுவலகத்திலிருந்து அறிக்கைப் படிவம் வந்தது. ‘விபத்துக்கான காரணம்’ என்று கேட்டு இரண்டு வரி இடம் விட்டிருந்தார்கள். எனக்கு ஒரு வரி போதுமாக இருந்தது: சுறாவைக் கண்டு பயந்து விரைவாக மேலெழுந்தார். என் குறிப்புப் புத்தகத்திலும் அப்படியே எழுதினேன். இறங்கிய நேரம், ஆழம், நீரோட்டத்தின் திசை, என் சிலிண்டரில் மிஞ்சிய காற்று எல்லாம் அந்தப் பக்கத்தில் சரியாக இருக்கின்றன. பிழை அந்த ஒரு வரியில்தான்.

புவனா ஐந்து கிழமை ஆஸ்பத்திரியில் இருந்தார். அழுத்த அறையில் பலமுறை வைத்தார்கள். கை திரும்பியது. வலது கால் திரும்பியது. இடது கால் பாதிதான் திரும்பியது. இனித் தண்ணீருக்குள் இறங்கக்கூடாது என்று எழுதிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். நான் இருமுறை ஆஸ்பத்திரி விடுதிக்குப் போய்ப் பார்த்தேன். இரண்டு தடவையும் சுற்றி ஆட்கள்; சுகம் விசாரித்துவிட்டு வந்தேன்.

ஆவணி மாதம் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து, உருத்திரபுரத்துக்கு அவர் வீட்டுக்குப் போனேன். தகப்பன் வயலில் நின்றார். தாய் வாசலுக்கு வந்தார்.

“வாங்கய்யா, உள்ள வாங்க. புள்ள, யாரு வந்திருக்காங்கன்னு பாரு!” கதிரையைத் துடைத்துப் போட்டார். “பொம்பளப் புள்ளைக்கு எதுக்குங்கய்யா கடலு? சுறாவப் பாத்தா ஆம்பளைங்களே நடுங்குவாங்க. நான் தெனமும் இவகிட்ட சொல்றேன், பயந்தது ஒன்னும் குத்தமில்ல புள்ளன்னு. பேசவே மாட்டேங்குறா.”

புவனா கைத்தடியை மடியில் வைத்துக்கொண்டு முற்றத்தைப் பார்த்தபடி இருந்தார். தாய் தேநீர் வைக்கக் குசினிக்குள் போனதும் என் பக்கம் குனிந்தார்.

“அண்ணை, நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை.”

“என்னத்தைப் பிள்ளை?”

குசினிப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். “உங்களுக்குக் காத்துக் குறைஞ்சதை.”

“எனக்குக் காத்துக் குறையேல்லையே.”

“என்னட்ட ஏன் அண்ணை மறைக்கிறீங்கள்? நான்தானே பக்கத்தில நிண்டனான். தலைவர் காத்தைப் பாக்காமல் இறங்கினவர் எண்டு தெரிஞ்சா உங்களை நிப்பாட்டிப் போடுவினம். உங்கட ரெண்டு பிள்ளையள் படிக்கினம். அதுதான் சுறா எண்டு எழுதியிருக்கிறீங்கள் எண்டு எனக்கு விளங்கினது. நான் கோவிக்கேல்லை.”

“புவனா, சுறா வந்தது.”

“எந்தச் சுறா?”

அவர் உண்மையாகத்தான் கேட்டார். அது அவருக்குப் பின்னால் வந்து, பின்னாலேயே போயிருக்கிறது. தான் கண்டிராத ஒன்றுக்குப் பயந்து ஓடியவராக அந்த வீட்டில் ஒன்றரை மாதம் இருந்திருக்கிறார்.

“அப்ப நீர் ஏன் என்னட்ட ஓடி வந்தனீர்?”

“நீங்கள் காட்டினீங்கள்தானே.” தடியைக் கீழே வைத்துவிட்டுச் செய்து காட்டினார். “முதல் முகக்கண்ணாடியைத் தொட்டீங்கள். பிறகு கையைப் பொத்தி இப்பிடி நெஞ்சில வைச்சீங்கள். குழாயைத் தர, தட்டிவிட்டிட்டு என்ர கையைப் பிடிச்சு இழுத்தீங்கள். காத்து முடியிற ஆள் அப்பிடித்தான் செய்யும், எப்பிடியும் மேல கொண்டு வரவேணும் எண்டு படிச்சனாங்கள்.”

பொத்திய கையை நெஞ்சில் வைத்தால் காற்றுக் குறைவு. முதல் வகுப்பிலேயே நீங்கள் படித்த சைகை. புவனா வந்த முதல் நாள் எனக்குச் செய்து காட்டியவற்றில் அதுவும் ஒன்று. என் கையில் அன்று எழுதும் பென்சில் இருந்தது, அதனால் கை மூடியிருந்தது. தோள்கள் எங்கே போயின என்று கேட்பீர்கள். அத்தனை வருடம் தண்ணீருக்கடியில் போட்டுப் போட்டு என் சிலுவை தேய்ந்துபோயிருந்தது. நெற்றியும் நெஞ்சும்தான் மிஞ்சியிருந்தன.

எல்லாம் எனக்கு ஒரு நொடியில் விளங்கியது. அடுத்த நொடி வந்த எண்ணத்தையும் உங்களிடம் மறைக்கமாட்டேன். பேசாமல் இருந்துவிடலாம் என்று தோன்றியது. வேலைக்காக மட்டுமல்ல. அந்தக் கதிரையில் இருந்தவர் ஒரு மனிதனைக் காப்பாற்றியதாக நினைத்துக்கொண்டிருந்தார். ஊர் பயந்தாங்கொள்ளி என்றாலும் உள்ளுக்குள் அவர் பிடித்துக்கொண்டிருந்தது அது ஒன்றைத்தான். உண்மையைச் சொன்னால் அதுவும் போய்விடும்.

சொன்னேன்.

“அது சிலுவை, பிள்ளை. பெரியவரைக் கண்டா நாங்கள் போடுறது.”

அவர் தன் கையைப் பார்த்தார். நெற்றிக்குக் கொண்டுபோனார், நெஞ்சுக்குக் கொண்டுவந்தார். அங்கேயே வைத்திருந்தார்.

“உங்கட சிலிண்டரில எவ்வளவு இருந்தது?”

“பாதிக்கு மேல.”

“அப்ப நான் ஆரைக் காப்பாத்தினனான்?”

கீழே கிடந்த தடியை எடுத்து அவருக்குப் பக்கத்தில் சாத்திவைத்தேன்.

தாய் தேநீரோடு வந்தார். புவனா அவரைப் பார்த்து, “அம்மா, நான் பயப்படேல்லை,” என்றார்.

“சரி புள்ள, சரி. யாரு என்னா சொன்னா இப்ப? டீயக் குடி.”

காய்ச்சல்காரரை ஆற்றும் குரல் அது. இத்தனை நாளும் அந்த வீட்டில் அந்தக் குரல்தான் கேட்டிருக்கும். நான் எழுந்து நின்றேன்.

“அம்மா, உங்கட மகள் பயப்படேல்லை. சுறாவை அவா காணவேயில்லை. பயந்தது நான். நான் பயந்து செய்த ஒண்டைப் பாத்து, எனக்கு ஆபத்தெண்டு நினைச்சு என்னைத் தூக்கிக்கொண்டு வந்தவா. பிழையா எழுதினதும் நான்தான்.”

தாய் மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கையிலிருந்த கோப்பையை என்னிடம் தரவில்லை. மகளிடம் கொடுத்தார்.

அடுத்த நாள் திங்கட்கிழமை புது அறிக்கை எழுதினேன். அனுப்புமுன் தொலைபேசியில் அவருக்கு வாசித்துக் காட்டினேன். ‘என் கையசைவைக் காற்றுக் குறைவுச் சைகையாக விளங்கிக்கொண்டு, தேவையில்லாமல் விரைவாக மேலெழுந்தார்’ என்று ஒரு வரி இருந்தது.

“‘தேவையில்லாமல்’ எண்ட சொல்லை எடுங்கோ,” என்றார். “எனக்குத் தெரிஞ்ச அளவில தேவை இருந்தது.”

எடுத்தேன். நான் மூன்றாம் முறை இறக்கியதையும் சேர்த்து எழுதினேன். அலுவலகத்தில், கோப்பு மூடியாயிற்று, இதனால் அவருக்கு இனி என்ன பலன் என்று கேட்டார்கள். பலன் பார்த்து நான் கொண்டுவரவில்லை, எழுதியிருப்பது பிழை என்றேன். அந்த வருடம் முழுக்க என்னைத் தலைவனாக வைத்து யாரையும் இறக்கவில்லை. அது நியாயம்தான்.

அன்றிலிருந்து என் குறிப்புப் புத்தகத்தில் ஒரு மாற்றம் செய்தேன். ‘பயந்தார்’, ‘கவலையீனமாக இருந்தார்’, ‘தடுமாறினார்’ போன்ற சொற்களை எழுதுவதில்லை. கை எங்கே போனது, கண் எங்கே பார்த்தது, எந்தப் பக்கம் திரும்பினார் என்பதை மட்டும் எழுதுவேன். ‘மேலே வந்தவர் மீண்டும் கீழே போக முயன்றார்’ என்று அன்றைக்கே எழுதியிருந்தால், அந்த வரியே இரவுக்குள் என்னைக் கேள்வி கேட்டிருக்கும். மற்றவருடைய மனம் உங்களுக்குத் தெரிந்துவிட்டதாகத் தோன்றும் நேரத்தில் பேனையை வைத்துவிடுங்கள்.

மறு வருடம் கடல் அடங்கிய பிறகு புவனா வேலைக்கு வந்தார். தண்ணீரில் இறங்க முடியாது. படகுப் பொறுப்பை எனக்குத் தாருங்கள் என்று அலுவலகத்தில் தானே கேட்டு வாங்கியிருந்தார். மரியதாஸ் அன்று யாரையும் சீண்டவில்லை. அவர் ஏறுவதற்குப் படகை மணலுக்கு நன்றாக இழுத்துவைத்தான். ஆனால் அவர் ஏறவில்லை. இறங்கவிருந்த எல்லோரையும் கரையில் வரிசையாக நிறுத்தினார். நானும் நின்றேன்.

“பயந்தா உங்கட கை என்ன செய்யும்?” என்று ஒவ்வொருவரையும் கேட்டார்.

முதலில் எல்லோரும் சிரித்தார்கள். பிறகு யோசித்தார்கள். ஒருவருக்குக் காதைப் பிடிக்கும் பழக்கம். துணுக்காயிலிருந்து வந்த ஒருவர், பதற்றம் வந்தால் தன்னைத் தேற்றிக்கொள்ளக் கட்டைவிரலை உயர்த்துவாராம். கீழே அதற்கு ‘மேலே போவோம்’ என்று பொருள் என்பதை அவர் பாடமாக்கியிருந்தார். தன் விரலுக்குத்தான் சொல்லியிருக்கவில்லை. என் முறை வந்தபோது, எல்லோருக்கும் முன்னால் போட்டுக் காட்டினேன்.

“கும்பிடுங்கோ அண்ணை,” என்றார் புவனா. “விடச் சொல்லேல்லை. பென்சிலை விட்டிட்டு, உள்ளங்கையை விரிச்சுக் கும்பிடுங்கோ. தோள் ரெண்டையும் மறக்காதேங்கோ.”

காது கேளாமல் போய் நான் ஓய்வுபெறும்வரை அப்படியே செய்தேன்.

நாளை காலை உங்களைக் கரையில் நிறுத்தப்போகிறவர் அவர்தான். தடியை மணலில் ஊன்றிக்கொண்டு அதே கேள்வியைக் கேட்பார். இன்றிரவே யோசித்து வையுங்கள். தெரியாவிட்டால் வீட்டிலிருப்பவர்களைக் கேளுங்கள், அவர்கள் பார்த்திருப்பார்கள். தெரியாது என்று சொன்னாலும் பரவாயில்லை, பொறுமையாக நின்று கண்டுபிடித்துத் தருவார். ‘ஒண்டும் செய்யாது’ என்று சொன்ன ஒருவரையும் அன்றைக்கு அவர் தண்ணீரில் இறக்கியதில்லை.